மணி என்று சொல்லாத வீடு

எங்கள் அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். ஆனால் மணி சொல்ல மாட்டாள். "நேரம் என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பாள். நாம் கேட்டால் "பத்தரை" என்று அதோடு நிறுத்திக்கொள்வாள். கோயிலில் மணி அடித்தால் "பூசை ஆயிட்டு" என்பாள். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள், பாபநாசம் அணையை வாய் நிறையச் சொல்வாள். மணிமுத்தாறு அணை மட்டும் அவளுக்கு "அந்தப் பக்கத்து டேமு". ரேஷன் கார்டு திருத்தப் போன இடத்தில் "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டதும், பக்கத்தில் நின்ற என் தோளைத் தட்டி "சொல்லு" என்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா பெயரை உரக்கச் சொல்லும் வேலை அன்றிலிருந்து என்னுடையது.

அப்பா பெயர் மணி. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய சிநேகிதர்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, இறங்காமலே "ஏ மணீ..." என்று இழுத்துக் கூப்பிடுவார்கள். அவர் போன பிறகு அந்தக் குரல்களும் தெருவில் இல்லை. அம்மாவின் பழக்கம் மட்டும் மாறவில்லை.

போன புரட்டாசியில் அந்த வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. அதன் பெயரும் மணி.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் வளர்த்த நாய். மனைவி தவறிய பிறகு ஐந்து வருடமாக அவருக்குத் துணை அதுதான். கால் முட்டி அவரைக் கைவிட்டுவிட்டது. சென்னையில் இருக்கும் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டாள். மூன்றாவது மாடி ஃபிளாட், நாய்க்கு இடமில்லை. நண்பர் மூலம் விஷயம் தெரிந்து, நானும் என் மகளும் போய்க் கூட்டி வந்தோம். சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு. செவலை நிறம், நெஞ்சில் உள்ளங்கை அளவு வெள்ளை, நீண்ட ஒல்லிக் கால், கூர் மூஞ்சி. காரில் ஏற மறுத்தான். பெரியவரே முதலில் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், அவனும் ஏறினான். பிறகு அவர் மறுபக்கக் கதவு வழியாக இறங்கிக்கொண்டார்.

சங்கிலி, நசுங்கிய அலுமினியத் தட்டு, தடுப்பூசிப் புத்தகம், ஒரு பழைய துண்டு. இவ்வளவுதான் அவனுடைய சொத்து. துண்டைத் தரும்போது சொன்னார்: "இதைத் துவைச்சிராதீங்க தம்பி. என் வாடை இருக்கும். அவன் படுக்குற இடத்துல போட்டு வைங்க."

வண்டியை எடுக்கும்போதுதான் பெயர் கேட்டேன்.

முதல் மூன்று நாள் அவன் எங்களைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டுக்கு உட்பக்கம், சாலையைப் பார்த்தபடி, துண்டின் மேல் தாடையை வைத்துக் கிடந்தான். இரவில் வைத்த சோறு காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மட்டும் எழுந்து நின்று காதை முன்னால் தள்ளிக் காத்திருப்பான். பெரியவர் கடைக்குப் போய்த் திரும்பும் நேரமாக இருந்திருக்கும். புது வீட்டுக்கு வரும் நாய்க்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று ஆக மூன்று மாதம். எல்லா நாய்க்கும் பொருந்தும் சட்டம் இல்லை. ஆனால் அவசரப்படும் நம் கையை அது பிடித்து நிறுத்துகிறது. அதற்காகவே அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

நான்காம் நாள் காலை அவனை முற்றத்தில் வைத்து "மணி, வா" என்று கூப்பிட்டேன். வாலை லேசாக ஆட்டி வந்தான். உள்ளே அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பெயரை மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. ஆனால் நம் வீட்டு மனக்கஷ்டத்துக்காக, எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு ஜீவனிடம் மிச்சமிருக்கும் பெயரையும் பிடுங்குவது சரியா என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். "அப்பா, மணி எட்டாச்சு, பஸ் போயிரும்" என்பாள் மகள். அவன் காது நிமிரும். டிவியில் செய்தி வாசிப்பவர் "காலை ஏழு மணி" என்பார். தலையைத் தூக்கிப் பார்ப்பான். "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று மனைவி போனில் கேட்பாள். எழுந்து அவள் காலடிக்கு வந்து நிற்பான். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். பலர் பேசும் சத்தத்துக்கு நடுவிலும் நாய் தன் பெயரைப் பிரித்தறியும் என்று மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 2019-ல் வெளியிட்டார்கள். எங்கள் வீட்டில் அதைத் தினமும் நாற்பது தடவை பார்த்தேன். வார முடிவில் காது நிமிர்வது குறைந்தது. கூப்பிட்டால்கூட ஒரு கணம் தாமதித்தான். தனி ஆளாக இருந்த பெரியவர் வீட்டில் யாரிடமும் நேரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கே அந்தச் சொல் அவனுக்கு மட்டுமே உரியது. நான்கு பேர் பேசும் எங்கள் வீட்டில் அது தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு சத்தத்துக்குப் பின்னால் நல்லது எதுவும் வராமல் போய்க்கொண்டே இருந்தால், நாய் அந்தச் சத்தத்தைக் கேட்பதை நிறுத்திவிடும். ஆக, மாற்றம் அவனுக்கும் தேவைப்பட்டது.

பெரியவரைப் போனில் அழைத்துக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை.

"எனக்குத்தான் கஷ்டமா இருக்கும் தம்பி. அவனுக்கு இருக்காது. சோறு போடுற கை கூப்பிட்டா வந்துருவான்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. மணிங்கிற பேரைச் சொல்லி மட்டும் அவனைத் திட்டிராதீங்க. அந்தப் பேரைச் சொல்லி நான் ஒருநாளும் அவனை அடிச்சதில்ல. அது நல்ல பேராவே இருக்கட்டும்."

அடிவாங்கி வளர்ந்த நாய் என்றால் வந்த அன்றைக்கே பெயரை மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. பெயரைக் கேட்டதும் வயிற்றைத் தரையில் ஒட்டிச் சிறுநீர் விடும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு அந்தப் பெயர் ஓங்கிய கைதான். இவன் கதை வேறு. இவன் பெயருக்குள் ஒரு மனிதரின் ஐந்து வருட அன்பு இருந்தது. அதைக் கெடுக்காமல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

என்ன பெயர் வைப்பது என்று மகள் ஒரு தாள் நிறைய எழுதினாள். பக்கத்து வீட்டுப் பையனின் பெயரில் பாதி, சினிமாவில் பாதி. பெயர் இரண்டு அசைக்குள் இருந்தால் நல்லது. வீட்டில் ஓயாமல் புழங்கும் சொல்லாக இருக்கக்கூடாது. அந்தப் பாடம்தான் படித்தாயிற்றே. வா, போ, இரு என்று நாம் சொல்லும் கட்டளைகளோடும் குழம்பக்கூடாது. பழைய பெயரின் சாயல் கொஞ்சம் இருந்தால் பழகுவது எளிது. இதற்கு ஆதாரமும் உண்டு. புடாபெஸ்டில் நாய்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தெரிந்த சொல்லுக்கும், அதில் ஒரே ஓர் ஒலியை மாற்றிச் செய்த பொருளில்லாச் சொல்லுக்கும் நாயின் மூளை வேறுபாடு காட்டவில்லை. முழுக்க வேறான சொல்லென்றால் காட்டியது. அப்படியானால் கனி என்று வைத்துவிடலாமே என்றாள் மகள். வைத்தால் எட்டு மணிக்கும் ஏழு மணிக்கும் மறுபடி எழுந்து நிற்பான். அம்மாவின் காதிலும் அது மணியாகத்தான் விழும். முடிவு ஒத்திருக்கட்டும், தொடக்கம் வேறாக இருக்கட்டும் என்று தீர்மானித்தோம்.

எனக்குக் கல்வெட்டுகளில் ஈடுபாடு உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் இருக்கிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று 1,400 வருடங்களுக்கு முன்னால் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதை முதலில் வாசித்த நாளில் நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கோவிவன் என்பதைச் சுருக்கினால் கோவி. இரண்டு அசை, தொடக்கத்தில் அழுத்தமான க, முடிவில் மணியில் இருக்கும் அதே இகரம். அம்மாவிடம் சொன்னேன். "கோவி. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் அவனுக்குச் சோறு வைக்கும்போது முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தேன்.

பழக்குவதற்கு வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டோம். "கோவி" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். சொன்ன கையோடு, அவன் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், ஒரு துண்டு வாய்க்குப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை. அவனுக்குச் சலிப்பு வருவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். காலை, மதியம், மாலை. "கோவி கோவி கோவி" என்று அடுக்கினால் மூன்றாவது கோவிக்குத் திரும்பினால் போதும் என்று கற்றுக்கொள்வான். குளிப்பாட்டுவதற்கும் கட்டிப்போடுவதற்கும் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. நாம்தான் எழுந்து போய்க் கூட்டிவர வேண்டும். வீட்டில் இதைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் கடினம். நாய்க்கு ஒருமுறை சொன்னால் போதும், மனிதர்களுக்குத் தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தோம். மகள் "மணி, கோவி" என்று நான்கு நாள் கூப்பிட்டாள். அவன் மணிக்கே திரும்பிவிட்டான். அதற்குப் பின்னால் வந்த ஒலி அவனுக்குத் தேவைப்படவே இல்லை. தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர்தான் திருத்தினார்: "மாத்திச் சொல்லுங்க. புதுசு முன்னால, பழசு பின்னால." கோவி என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, மணி, பிறகு ஈரல். முன்னால் வரும் ஒலிதான் பின்னால் வரப்போவதற்கு முன்னறிவிப்பு ஆகிறது. கோவி என்றால் அடுத்து மணி வரும், மணி என்றால் ஈரல் வரும் என்று அவனுக்குள் ஒரு வரிசை அமைந்தது. மூன்று நாளில் மணிக்குக் காத்திராமல் கோவிக்கே திரும்பினான். அம்மாவின் காதில் விழக்கூடாது என்பதற்காக இந்தப் பாடத்தை மட்டும் மொட்டைமாடியில் நடத்தினோம். மருத்துவர் தடுப்பூசிப் புத்தகத்தில் பழைய பெயரை அடிக்காமல், அதன் கீழே கோவி என்று எழுதித் தந்தார்.

வீட்டுக்குள் ஒழுங்காக வந்தான். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் வந்தான். தெருவில் இன்னும் பாதிதான். சங்கிலியைக் கழற்றுவதில்லை என்ற ஒன்றில் நான் உறுதியாக இருந்தேன். வந்து ஆறு மாதமாவது ஆகாத நாயை, எவ்வளவு சாதுவாக இருந்தாலும், திறந்த தெருவில் அவிழ்த்துவிடாதீர்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். தண்ணீர் கேன் போட வந்தவர் கேட்டைத் தாழிடாமல் போய்விட்டார். எதிர் வீட்டுப் பிள்ளைகள் சரவெடியைக் கொளுத்தினார்கள். கோவி துண்டிலிருந்து எழுந்ததை நான் பார்த்தேன். அடுத்த கணம் தெரு முனையில் இருந்தான். வேட்டையில் முயலைத் துரத்தப் பிறந்த கால்கள் அவை. முனைக்கு அப்பால் பஸ் ஓடும் மெயின் ரோடு. "கோவி!" என்று கத்தினேன். காது பின்னால் மடிந்தபடியே ஓடினான். மறுபடி "கோவி!" ஐந்து வாரப் பெயர், அந்த வெடிச் சத்தத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

நான் நினைத்துச் செய்யவில்லை. "மணீ..." என்று என் தொண்டையிலிருந்து வந்தது. அப்பாவின் சிநேகிதர்கள் இழுக்கும் அதே இழுப்பு.

அவன் நின்றான். வெயிலுக்குத் தார் உருகி மேடான இடத்தில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, உடம்பு முழுக்க நடுங்க, திரும்பிப் பார்த்தான். நான் ஓடவில்லை, தரையில் குத்த வைத்து உட்கார்ந்து இன்னொரு தடவை, மெதுவாக, "மணி" என்றேன். வந்து என் கக்கத்துக்குள் மூஞ்சியைத் திணித்துக்கொண்டான். ஒரு வார்த்தை திட்டவில்லை. பெரியவர் கேட்டுக்கொண்டது அப்போது என் நினைவில் இருந்தது. அவர் ஐந்து வருடம் கெடாமல் வைத்திருந்த பெயர் அன்று அவன் உயிரைக் காத்தது. புதுப் பெயர் வைப்பவர்கள் பழைய பெயரை ஒழித்துக்கட்ட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பழையதில் நல்லது இருந்தால் அதைப் பூட்டி வையுங்கள், செலவழிக்காதீர்கள்.

வீட்டை நோக்கித் திரும்பினால் அம்மா வாசற்படியில் நிற்கிறாள். கையில் முறுக்கு மாவு. நான் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு என்னருகில் வந்து உட்கார்ந்தாள்.

"ரோட்டுல கூப்பிட்டது நீதானல?"

"ஆமாம்மா. வேற வழி தெரியல."

"அவுகளைத் தேடி யாரோ வந்துட்டாகன்னு நெனச்சேன்" என்றாள். "உள்ள இருக்காகன்னு சொல்லத்தான் வெளிய வந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாவு காய்ந்து விரலிடுக்கில் ஒட்டியிருந்தது.

கார்த்திகை மாதத்தில் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் கோவி என்று கூப்பிட்டால் வருகிறான்; ஆனால் ஆச்சி கூப்பிட்டால் பறந்து வருகிறான். ஆச்சி கோவி என்று கூப்பிடுவதே இல்லை. இரண்டு நாள் கூர்ந்து கேட்டேன். அம்மா "இந்தா" என்கிறாள். இட்லியை விண்டு நீட்டும்போது இந்தா. தண்ணீர் ஊற்றும்போது இந்தா. மதியம் மீன் தலையை முள் எடுத்துப் பிசைந்து தட்டில் வைக்கும்போது இந்தா. அவள் அதைப் பெயராக வைக்கவில்லை. அப்பாவை அவள் ஆயுள் முழுக்க "இந்தாங்க" என்றுதான் அழைத்தாள். காபி டம்ளரை நீட்டும்போதும் அதுதான், கொல்லையில் நிற்பவரைக் கூப்பிடும்போதும் அதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகாத வாய்க்கு, கூப்பிடவும் கொடுக்கவும் ஒரே சொல்.

நாங்கள் ஈரலை நறுக்கி வைத்துக்கொண்டு மூன்று வேளை செய்த பாடத்தை அவள் தெரியாமலே நாள் முழுக்கச் செய்திருக்கிறாள். ஒரே சொல், ஒரே தொனி, சொன்னதும் கையில் ஏதோ ஒன்று. ஒரு தடவைகூட அது பொய்த்ததில்லை. சொல்லும் தொனியும் இரண்டுமே பாராட்டாக அமையும்போதுதான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி விழிக்கிறது என்று அதே புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்கள், நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 2016-ல் கண்டு சொன்னார்கள். நான் சில நாள் அலுவலகக் களைப்போடு கோவி என்றிருக்கிறேன். குரலில் அன்பு இருந்திருக்காது. அம்மாவின் இந்தாவில் அது ஒரு நாளும் குறைந்ததில்லை.

பெரியவர் மாதம் ஒருமுறை போன் செய்வார். "எம் புள்ள எப்படி இருக்கான்?" என்பார், பெயர் சொல்ல மாட்டார். போனை நாயின் காதருகே வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் தம்பி, தேடுவான்" என்றார். துண்டில் இப்போது அவர் வாடை இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதை இன்னும் துவைக்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டிய தவணை வந்தது. அம்மாவும் வந்தாள். பதிவு மேசையில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பேரு போட்டிருக்கே? மணியா, கோவியா?" என்றார். நான் வாயெடுத்தேன். எட்டு வயதிலிருந்து என் வேலை அல்லவா அது. அம்மா என் தோளைத் தட்டவில்லை.

"மேல இருக்கது அவனை வளத்தவரு வச்ச பேரு" என்றாள். "எங்க வீட்ல அந்தப் பேரு அவுகளுக்கு இருக்கு. இவன் கோவி."

மருத்துவர் தோலைத் தூக்கிப் பிடித்தபோது அவன் உடம்பு விறைத்தது. அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து, இட்லியை விண்டு, உள்ளங்கையில் வைத்து அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். "இந்தா" என்றாள். அவன் தின்று முடித்து அவள் கையை நக்கிக்கொண்டிருந்தபோது மருத்துவர் ஊசியைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார்.